ஒருநாள் முக்குளிப்பா, முழுப் பயிற்சியா?

மொரீஷியஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஃபிளிக் அன் ஃபிளாக் கடலைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: காற்று உருளையோடு முக்குளிக்க (ஸ்கூபா) ஒருநாள் போதுமா, முழுப் பயிற்சி வேண்டுமா? ஒருநாள் அறிமுக முக்குளிப்பு என்றால் 12 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். காற்று, ஆழம் எல்லாம் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். ஆனால் மூச்சை அடக்காமல் இருப்பது உங்கள் வேலை. அடக்கியபடி மேலே வந்தால் அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் காற்று விரியும், நுரையீரல் கிழியலாம். ஆஸ்துமாவை மறைத்துப் படிவம் நிரப்புவதும் (நம்மாட்கள் செய்வதுதான்) ஆபத்து.

முழுப் பயிற்சியான ஓபன் வாட்டருக்கு மூன்று நான்கு நாளாகும், செலவும் கூடும். 18 மீட்டர் வரை போகலாம். அப்புறம் உருளையில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மானி, கூட்டாளியின் கருவி, மேலேறும் வேகம் எல்லாமே உங்கள் பொறுப்பு. நாள் இருந்தால் இதுதான் மேல். கடைசி முக்குளிப்புக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். ஒரே ஒரு முக்குளிப்புக்கு 12 மணி நேரம் போதும்.