ரெடிமேட் ஜெலட்டின்–அல்ஜினேட் பயோஇங்க் கிட்: இங்க் நன்று, கையேடுதான் காலை வாருகிறது

உயிருள்ள செல்லைக் கலந்து முப்பரிமாண வடிவமாக அச்சிடும் கூழ்தான் பயோஇங்க். இந்தக் கிட்டின் பெட்டியைத் திறந்தால் இருப்பவை இவை: ஊசிக்குழலில் 3 மி.லி. ஜெலட்டின்–அல்ஜினேட் கலவை, செல்லை ஏற்ற ஒரு வெற்றுக் குழல், இரண்டையும் பூட்டும் லூயர் இணைப்பி, 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு ஒரு புட்டி, இரண்டு பக்கக் கையேடு. இங்க்கைக் குறை சொல்ல முடியாது. 25 டிகிரியில் இழை அறுபடாமல் வருகிறது, தட்டில் இழுத்த கோடு படர்வதில்லை. ஆனாலும் செல் கலந்ததும் நாசில் (இங்க் வெளியே வரும் ஊசிமுனை) அடைக்கிறது என்று இதன்மேல் புகார் உண்டு. அந்த அடைப்பில் பெரும்பகுதிக்கு இங்க் காரணமல்ல. இங்க்கைத் தொடுவதற்கு முன்பே செல்கள் கட்டி தட்டிவிடுகின்றன. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கையேடு சொல்லும் அளவு பத்துக்கு ஒன்று: 3 மி.லி. இங்க்குக்கு 0.3 மி.லி. செல் கரைசல். கலந்த பின் மி.லி.க்கு 5 மில்லியன் செல் வேண்டுமென்றால் அந்த 0.3 மி.லி.க்குள் 16.5 மில்லியன் செல்லை அடைக்க வேண்டும். கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 55 மில்லியன் ஆகிவிடுகிறது. அந்த நெரிசலில் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அதிக நேரம் தேவையில்லை. போதாக்குறைக்கு, 15 மைக்ரான் செல் நீர்த்த ஊடகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மி.மீ. இறங்கும். குழாயைப் பத்து நிமிடம் ஓரமாக வைத்தாலே அடியில் வண்டல் தெரியும். அதனால் கேட்ரிட்ஜ் (இங்க் நிரப்பும் அச்சுக்குழல்), நாசில், அச்சுப்பொறி எல்லாம் தயாரான பிறகே பெல்லட்டை, அதாவது சுழற்றி அடியில் படியவைத்த செல் திரளை, கரையுங்கள்.

பெல்லட் படிய, செல்களை மையவிலக்கியில் 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றினால் போதும். அதிகம் சுழற்றினால் இறுகிவிடும். மேல்நீரை வடித்ததும் குழாயின் அடியை விரலால் சுண்டி பெல்லட்டை முதலில் தளர்த்த வேண்டும். பிறகு 50 மைக்ரோலிட்டர் விட்டுக் கரைத்து, மீதியை அதன்பின் சேர்க்க வேண்டும். முழு அளவையும் ஒரேயடியாக ஊற்றினால், கூழுக்கு மாவைக் கரைக்காமல் கொட்டிய கதைதான். அடுத்து 40 மைக்ரான் வடிகட்டி. அதில் கொஞ்சம் செல் போகும் என்பதால் தொடக்கத்திலேயே கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையேட்டின் பெரிய பிழை, செல்லை 'வளர்ப்பு ஊடகத்தில்' கரைக்கச் சொல்வது. வழக்கமான டிஎம்இஎம் ஊடகத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. அல்ஜினேட்டை இறுக வைப்பதே கால்சியம்தான். சொட்டு விழுந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகி, செல்களையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கேட்ஹெரின் புரதத்துக்கும் கால்சியம் தேவை. ஆகவே கால்சியம், மக்னீசியம் இல்லாத உப்புக்கரைசலே சரி. இன்னொரு பக்கம், வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களைப் பிரிக்கும் நொதியான டிரிப்சினோடு வரும் ஈடிடிஏ மிச்சமிருந்தால் அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும், அச்சிட்ட வடிவம் சரியாக இறுகாது. ஒரு முறை கழுவுவதைத் தவிர்க்காதீர்கள்.

அடைத்தால் அழுத்தத்தைக் கூட்டுங்கள் என்கிறது கையேடு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடைப்பு பிய்த்துக்கொண்டு வரும்போது அந்த இறுக்கத்தில் செல்கள் சாகும். நாசிலைக் கழற்றி, அடைத்ததை ஒரு கண்ணாடித் தகட்டில் எடுத்து, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பன் புளூ சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வையுங்கள். பளிச்சென்ற உருண்டைகள் திராட்சைக்கொத்துபோல் தெரிந்தால் டிரிப்சின் போதவில்லை. நீலமேறிய செத்த செல்கள் நூல்நூலான கொழகொழப்பில் சிக்கியிருந்தால் டிரிப்சின் மிஞ்சிவிட்டது: உடைந்த செல்களின் டிஎன்ஏதான் அந்தப் பசை. அடுத்த தொகுதியில், மக்னீசியம் உள்ள கரைசலில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சேர்த்து, அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்துக் கழுவினால் சரியாகும். செல்லே அதிகமில்லாமல் தெளிந்த ஜெல்லி மட்டும் இருந்தால் அது அல்ஜினேட் கட்டி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே அடைப்புதான்.

கிட்டோடு வரும் 27 கேஜ் நாசிலின் உள்விட்டம் 0.2 மி.மீ. வடிகட்டியைத் தாண்டிவந்த சிறு கட்டிகள் நாலைந்து சேர்ந்தாலே வாயில் பாலம் கட்டிவிடும். கூம்பு வடிவ, வாய் சற்று அகன்ற 25 கேஜ் நாசில் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

சிங்கப்பூருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஜெலட்டின் 30 டிகிரிக்கு அருகில் இளகிவிடும். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கேட்ரிட்ஜைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தால் போதும், இங்க் நீர்த்து, செல் அடியில் இறங்கத் தொடங்கும். விட்டத்தில் மூன்று மடங்கு உள்ள கட்டி ஒன்பது மடங்கு வேகமாக இறங்கும் என்பதால் முதலில் நாசிலுக்கு வந்து சேர்வது கட்டிதான். நுரைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். நேர்மாறாக, ஏர்கான் 20 டிகிரியில் ஓடும் அறையில் நாசில் முனை மட்டும் உறைந்து போகும். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் காரணம் குளிர். திடீரென நின்று எகிறினால் கட்டி அல்லது காற்றுக்குமிழி.

கலக்கும்போது இரண்டு குழல்களிலும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, மெதுவாக 20, 30 முறை தள்ளுங்கள். இணைப்பி உறுதியாக இருக்கிறது, கசியவில்லை. கேட்ரிட்ஜின் முதல் பகுதி, நடு, கடைசி மூன்றிலும் ஒவ்வொரு துளி அச்சிட்டு எண்ணிப் பார்த்தால் கலவையின் தரம் தெரிந்துவிடும்.

ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசுச் செல்), குருத்தெலும்புச் செல் வைத்து வேலை செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தோல், குடலின் மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலியல் செல்களுக்கு இந்தக் கிட் அவ்வளவு ஒத்துவராது. பிரித்துவிட்டாலும் அவை மறுபடி கூடிக்கொள்ளும். வாங்கியே தீர வேண்டுமென்றால் 3 மி.லி.யையும் ஒரே தடவையில் கலக்காமல், ஒரு மி.லி. வீதம் பிரித்துக் கலந்து அவ்வப்போது அச்சிட்டு முடியுங்கள்.