பன்னிரண்டு பேர் மோதும் தொகுதிக்கு எந்தச் சந்தையின் விலையைப் பார்ப்பது? கால்ஷி, பாலிமார்க்கெட், பிரெடிக்ட்இட், அயோவா

2022 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க் 10-ஆவது தொகுதிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை முடிவு செய்ய உட்கட்சித் தேர்தல் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஒரே ஒரு இடம், களத்தில் பெரிய கூட்டம். டேன் கோல்ட்மேன் ஜெயித்தது 25.8 சதவீத வாக்கில். இரண்டாவது வந்த யூ-லின் நியூவைவிட அவருக்குக் கிடைத்தது சுமார் 1,300 வாக்குதான் அதிகம். நான்கில் மூன்று வாக்காளர்கள் வேறு யாருக்கோ போட்டும் அவர்தான் வெற்றியாளர். இந்த மாதிரிப் போட்டியில் தேர்தல் பந்தயச் சந்தையில் ஒருவரின் விலை 60 சென்ட் என்று பார்த்ததும் அதை வாக்கு சதவீதம்போலப் படிப்பவர்கள் ஏராளம். அது ஜெயிக்கும் வாய்ப்பு. ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம், அதற்கு இன்று 60 சென்ட் கொடுக்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எந்தச் சந்தையின் 60-ஐ நம்புவது? இருவர் மோதும் தேர்தலில் இந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்தாது. பத்துப் பேர் நின்றால் ஒவ்வொரு சந்தையின் கட்டணமும் உச்சவரம்பும் விலைக்குள்ளேயே புகுந்துவிடும்.

முதலில் பிரெடிக்ட்இட். நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகம் 2014-ல் தொடங்கியது. ஒரு ஒப்பந்தத்தில், அதாவது ‘இவர் ஜெயிப்பாரா’ என்ற ஒரு பந்தயத்தில், ஒருவர் 850 டாலருக்கு மேல் போட முடியாது என்பதுதான் பல வருடம் அதன் அடையாளமாக இருந்தது (2025-ல் 3,500 ஆனது). லாபத்தில் 10 சதவீதம் கட்டணம், பணத்தை வெளியே எடுக்கும்போது இன்னொரு 5 சதவீதம். இது கூட்டமான போட்டியில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஒரு வேட்பாளரின் விலை 3 சென்ட் என்று வையுங்கள். ‘இவர் ஜெயிக்க மாட்டார்’ என்ற பக்கத்தை 97 சென்ட்டுக்கு வாங்குகிறீர்கள், நீங்கள் நினைத்தபடியே அவர் தோற்கிறார். கைக்கு 100 வரும், 3 சென்ட் லாபத்தில் 0.3 கட்டணம் போக 99.7. அதை வங்கிக்கு மாற்றினால் 5 சதவீதம் போய் 94.7. சரியாகக் கணித்தும் நஷ்டம்! அப்புறம் யார் அந்த 3 சென்ட்டைக் கீழே இறக்குவார்கள்? ஒரே போட்டியில் பலருக்கு எதிராக வாங்கினால் அதிகபட்ச நஷ்டத்துக்கான தொகையை மட்டும் பிடித்துக்கொள்ளும் வசதி அங்கே உண்டு, அது ஓரளவு உதவும், ஆனால் கட்டணம் கட்டணம்தான். எனவே கடைசி எட்டுப் பேர் ஆளுக்கு 2, 3 சென்ட்டில் ஒட்டிக்கொண்டு நிற்க, எல்லார் விலையையும் கூட்டினால் 100-ஐத் தாண்டும். அந்தத் தளத்தில் முதல் இரண்டு பேரின் விலையை மட்டும்தான் நான் பொருட்படுத்துவேன், அதையும் மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்த பிறகு.

கால்ஷியில் இதே கணக்கு வேறு மாதிரி. அதன் வழக்கமான கட்டணச் சூத்திரம் விலை 50-க்குப் பக்கத்தில் இருக்கும்போது அதிகமாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும்படி அமைந்தது. 97 சென்ட்டுக்கு நூறு ஒப்பந்தம் வாங்கினால் மூன்று டாலர் லாபத்தில் சுமார் 20 சென்ட்தான் போகும். அதனால் வாய்ப்பில்லாதவர்களின் விலையை இறக்கிவிட ஆள் கிடைக்கும். முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டியும் கொடுக்கத் தொடங்கினார்கள், தேர்தலுக்குப் பத்து மாதம் இருக்கும்போது இது ரொம்ப முக்கியம். இன்னொன்று, சிஎஃப்டிசி என்ற மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் இயங்குவதால் எதை வைத்து முடிவு அறிவிப்பார்கள் என்பது விதியாக எழுத்தில் இருக்கும். நாடாளுமன்றக் கட்டுப்பாடு யார் கைக்குப் போகும் என்ற ஒப்பந்தத்தை 2023-ல் அதே ஆணையம் தடுத்தது. கால்ஷி வழக்குப் போட்டு ஜெயித்து, மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடை தர மறுத்த பிறகு 2024 அக்டோபரில்தான் தேர்தல் சந்தை அங்கே சூடு பிடித்தது.

பாலிமார்க்கெட்டில் கிரிப்டோ டாலர், உச்சவரம்பு கிடையாது. 2024 அதிபர் தேர்தலில் பிரான்ஸைச் சேர்ந்த ஒரே ஆள் பல கோடி டாலர் இறக்கிப் பெரும் லாபம் பார்த்தது இங்கேதான். பெரிய தேர்தலில் அந்த ஆழம் பலம். சின்னத் தொகுதியில் எனக்கு அதுவே கவலை: பணம் அதிகம் புழங்காத இடத்தில் ஒருவர் சில ஆயிரம் டாலர் போட்டாலே விலை எகிறும், அதைப் பார்த்து ‘வேகம் பிடித்துவிட்டார்’ என்று பேச்சு கிளம்பும், நன்கொடை அந்தப் பக்கம் சாயும். முடிவில் தகராறு வந்தால் யுஎம்ஏ என்ற கிரிப்டோ அமைப்பின் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துத் தீர்ப்பார்கள். 2024 வெனிசுவேலா தேர்தலில் மதுரோ ஜெயித்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தும் எதிரணியின் கோன்சாலஸ் ஜெயித்ததாகவே சந்தையில் முடிவு செய்யப்பட்டது. அது நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம், பணம் போட்டவர் விதியை எப்படிப் படித்திருப்பார் என்று மட்டும் யோசியுங்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தின் சந்தை 1988-லிருந்து இருக்கிறது, அதிகபட்சம் 500 டாலர், படிப்புக்கானது. யார் ஜெயிப்பார் என்பதோடு யாருக்கு எத்தனை சதவீத வாக்கு என்றும் ஒப்பந்தம் போடும் வழக்கம் அங்கே உண்டு. கூட்டமான போட்டிக்கு மிகவும் பொருந்துவது அந்தக் கேள்விதான், ஆனால் தனித் தொகுதிகளுக்கு அவர்கள் பெரும்பாலும் போவதில்லை.

எந்தச் சந்தையாக இருந்தாலும் விதியைப் படிக்காமல் விலையைப் படிக்கக்கூடாது என்பதற்கு அலாஸ்காவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அலாஸ்காவின் கீழவை உறுப்பினர் டான் யங் மறைவால் 2022-ல் வந்த இடைத்தேர்தலில் முதல் சுற்றில் 48 பேர். நான்கு பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். சாரா பேலின் 27 சதவீதம், நிக் பெகிச் 19, அல் கிராஸ் 12.6, மேரி பெல்டோலா 10. மூன்றாவது வந்த கிராஸ் விலகினார், ஐந்தாவது வந்தவரை உள்ளே கொண்டுவர நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், மூன்று பேரே மிஞ்சினார்கள். ஆகஸ்டில் முன்னுரிமை வாக்கு எண்ணிக்கை: வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார், கடைசியாக வருபவர் வெளியேறியதும் அவருடைய வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். பெகிச் வெளியேறியதும் அவருடைய வாக்குகளில் பாதிதான் பேலினுக்குப் போனது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெல்டோலாவுக்கு, மீதி யாருக்கும் இல்லை. முதல் சுற்றில் நான்காவது நின்ற பெல்டோலா 51.5 சதவீதத்தில் ஜெயித்தார், நாடாளுமன்றத்துக்குப் போன முதல் அலாஸ்கப் பூர்வகுடி அவர்தான். ‘அடுத்த சுற்றுக்குப் போவாரா’ என்ற ஒப்பந்தம் கிராஸ் விஷயத்தில் எப்படித் தீரும்? தகுதி பெற்றதை வைத்தா, வாக்குச்சீட்டில் பெயர் இருந்ததை வைத்தா? ஒரு வரி விதியில்தான் மொத்தப் பணமும் தொங்கும்.

இரண்டாவது விருப்பம் யார் என்று கேட்ட கருத்துக்கணிப்பு ஒன்று இருந்தால், இப்படிப்பட்ட தொகுதியில் நான்கு சந்தைகளையும்விட அதையே முதலில் எடுப்பேன். சந்தையில் இருப்பவர்களும் அதைப் படித்துத்தான் விலை சொல்கிறார்கள். அது இல்லாதபோது கால்ஷி, அதுவும் கடைசியாக விற்ற விலையை அல்ல, வாங்கக் கேட்பதும் விற்கக் கேட்பதும் எவ்வளவு என்பதை. ஒருவரை 22-க்கு வாங்கவும் 41-க்கு விற்கவும்தான் ஆள் இருக்கிறது என்றால் திரையில் ஓடும் 38-க்கு அர்த்தமே இல்லை. இரண்டும் ஒன்றிரண்டு சென்ட்டுக்குள் நெருங்கி, நல்ல எண்ணிக்கையில் ஒப்பந்தங்களும் வரிசையில் இருந்தால் பாலிமார்க்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். ஐந்து சென்ட்டுக்கு மேல் விலகினால் முதலில் இரண்டு இடத்திலும் விதியைத் திறந்து படியுங்கள். பல நேரம் இரண்டும் கேட்பது வேறு வேறு கேள்வியாக இருக்கும்.