அகராதிச் செயலியும் அந்தக் குட்டிப் பெட்டியும்

ஆண்டிறுதித் தள்ளுபடி போட்டதும் தோழி கேட்டாள்: "நீ வச்சிருக்கிற இங்கிலீஷ் அகராதிச் செயலியை வாங்கலாமாடி? மாஸ்டர்ஸுக்குக் குடுக்கிற கட்டுரை எதுவுமே ஓடல." வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. செயலியின் பெயர் வேண்டாம். ஆண்டுச் சந்தா கட்டுவது, ஆங்கிலம் கற்பவர்களுக்கானது.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றுதான். படிக்கும் கட்டுரையில் ஒரு சொல்லைத் தொட்டால் குட்டிப் பெட்டி ஒன்று எழும்பும். முதல் பதிவின் முதல் பொருளை மட்டும் காட்டும். கீழே இன்னும் இருக்கிறது என்று ஓர் அம்புக்குறிகூட இராது. செய்தி படிக்க அது போதும். ஆய்வுக் கட்டுரையில் ஆளைக் கவிழ்ப்பவை தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள். வாய்க்குள் நுழையாத சொல்லென்றால் எவரும் முழுசாகத் தேடிப் பார்த்துவிடுவார்கள்.

மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் என்னோடு படிக்கும் தங்கை ஒருத்தி, கங்காணிகள் ஊருக்குப் போய்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை பற்றிய கட்டுரையோடு வந்தாள். வரியின் தொடக்கத்தில் பி, ஏ, சி, இ என்று நாலெழுத்து. அடுத்து ஓர் ஆய்வாளர் பெயர், ஒரு காற்புள்ளி. பிறகு, கங்காணி முறை தடையற்ற ஆள்சேர்ப்பு அன்று என்ற வாதம். பெட்டி சொன்னது: வேகம், நடை. "அவரு வழியிலேயே இவரும் போறாரு போல, இல்லக்கா?" என்றாள். நேர் எதிர்! அது லத்தீன். பாச்சே என்பார்கள், பேசி என்றும் சொல்வதுண்டு. 'இன்னார் பொறுத்தருள்க, அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை' என்பது அதன் கருத்து. அச்சில் பெரும்பாலும் சாய்வெழுத்தில் வரும். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தச் சாய்வும் போய்விடும். இத்தனைக்கும் செயலியில் இந்தச் சொல் தனிப் பதிவாகவே இருக்கிறது. பெட்டிதான் அதை மறைக்கிறது. யார் யாரை மறுக்கிறார் என்பதே தலைகீழானால் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அந்த மாணவி எழுதும் மீளாய்வு என்னவாகும்?

அதே கட்டுரையில் இன்னொன்று. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலைமைகள் பிறகு 'அப்டெய்ன்' ஆகவில்லை என்று ஒரு வரி. பெட்டி சொன்னது: பெறு. நிலைமை எதைப் பெறும்? முழுப் பதிவைத் திறந்தால் வினைக்குப் பக்கத்திலேயே குறி இருக்கிறது: செயப்படுபொருள் குன்றியது. அப்படி வந்தால் 'நிலவுதல், நடப்பில் இருத்தல்' என்று பொருள். தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணம் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்துவிடுகிறது! அன்றிலிருந்து இந்தக் குறிகளை நான் விடுவதில்லை. ஏ. எஸ். ஹார்ன்பியும் அவரது சகாக்களும் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியே வினை எப்படி வாக்கியத்தில் உட்காரும் என்பதைக் காட்டத்தான் பாடுபட்டது. பின்னால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அகராதியாக வளர்ந்தது அதுதான்.

மற்றபடி குறை சொல்ல மனசு வரவில்லை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் போகும்போது இணையம் இல்லாமலும் வேலை செய்யும். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அருமை. எவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்களுக்கும் தனி அடையாளம் உண்டு. 'அப்டெய்ன்' அதில் இருக்கிறது. எந்தப் பொருளில் வரும் என்று பட்டியல் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது அகராதி.

பெட்டியைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது, பெட்டி மாறவில்லை.

ஆகவே தோழி, தள்ளுபடி விலையிலும் வாங்காதே. நானும் இந்த ஆண்டு சந்தா கட்டவில்லை. அச்சு அகராதியில் அந்த நாலெழுத்துச் சொல்லின் இரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்ணில் படும். என்னிடம் பழைய பதிப்பு ஒன்று கூடுதலாக இருக்கிறது. சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ.