கடலோர வீட்டுக்குக் கேமரா மாட்ட ஆள் தேடுகிறீர்களா?

எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சில ஆண்டுகளாகக் கேமராவும் கதவு அலாரமும் வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கம்பெனிக் கேமரா என்பதைவிட, யார் மாட்டுகிறார் என்பதுதான் முக்கியம்.

முதலில் வந்தவர் குறைந்த விலை சொன்னார், ஒரே நாளில் வேலையை முடித்தார். ஆனி, ஆடிச் சாரல் அடித்து ஓய்வதற்குள் இரண்டு கேமராக்களில் படம் கோடு கோடாக ஓடியது. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. பிறகு அழைத்த தக்கலைக்காரர் ஏணி வைத்து ஏறி, வயர் இணைப்பைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். பச்சைக் களிம்பு பூத்து, நகம் பட்டதும் உதிர்ந்ததாம். வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்?

அவர் முழுச் செம்பு வயர் இழுத்தார். இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் வைத்தார். பெட்டிக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊருக்கு இந்த ஒரு வளைவு போதாதா, ஆளின் கைப்பக்குவத்தைச் சொல்ல?

வயரைவிட என்னைப் பதற வைத்தது வேறொன்று. கேமராப் படங்களைச் சேமிக்கும் ரெக்கார்டரின் முதன்மைக் கணக்கு முதல் ஆளின் போன் எண்ணிலேயே இருந்தது. அதாவது, எங்கள் முற்றத்தை மஸ்கட்டிலிருந்து நான் பார்த்தது போல அவரும் பார்த்திருக்க முடியும். தக்கலைக்காரர் ரெக்கார்டரை ரீசெட் செய்து, பாஸ்வேர்டை அப்பாவையே போட வைத்து, திரும்பி நின்றுகொண்டார். அடுத்த வீட்டுக் கிணற்றடி தெரிகிற கோணத்தை அப்பா கேட்டபோது, “அது முறையில்லை, அப்பா” என்று மறுத்தும் விட்டார். அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. இரவில் கேமராவின் விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னும். காற்றில் தென்னையோலை ஆடும். இரண்டுக்கும் போன் அலறும். மனித உருவத்துக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி மாற்றிய பிறகு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். வலையை அம்மா துடைப்பத்தால் தட்டிவிடுகிறார். ஒக்கிப் புயலில் மின்சாரமில்லாமல் கிடந்த மாவட்டம் என்பதால் ரெக்கார்டருக்கும் மோடத்துக்கும் யுபிஎஸ் அவசியம். இடிக்கு எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

சிசிடிவி கேமராக்கள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி மாட்டுகிறவரிடம் கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். புதிதாக முடித்த வேலையின் போட்டோக்களை நம்பவேண்டாம். முட்டமோ மணவாளக்குறிச்சியோ, கடலோரத்தில் மூன்று மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பழுதென்று கூப்பிட்டால் வருகிறாரா?

எங்கள் தக்கலைக்காரர் வருகிறார். சொன்ன நாளில் அல்ல, மறுநாள். வருகைக் கூலியும் கறாராக வாங்கிக்கொள்கிறார்.