கடற்காற்று அடிக்கும் வீட்டுக்கு ஸ்க்ரீன் துணி: காட்டனா, பாலியெஸ்டரா?

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் துணியைக் கெடுப்பவை கடலின் உப்பு ஈரமும் லாரிகள் கிளப்பும் புழுதியும். கடையில் நிறம் பார்த்து எடுப்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

துணியில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, சாதாரண ஈரப்பதத்திலேயே காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும்; பாலியெஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டன் ஸ்க்ரீனின் அடிமடிப்பில் முதலில் கருப்புப் புள்ளி விழுவது இதனால்தான்: அங்கே துணி பல அடுக்கு, காய்வதும் கடைசியில். பூஞ்சைக்குப் பருத்தியே தீனி. பாலியெஸ்டரில் மேலே படிந்த அழுக்கில்தான் அது வளரும். பெரும்பாலும் துவைத்தால் போய்விடும். ஆகவே கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பாலியெஸ்டர், அல்லது பாலியெஸ்டர் கலந்த காட்டன்.

அடுப்படி ஜன்னலில் கதை மாறும். மீன் வறுக்கும் எண்ணெய்ப் புகையைப் பாலியெஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய காட்டனைச் சுடுநீரில் அலசலாம்.

இழையைப் போலவே நெசவும் முக்கியம். சாதா நெசவில் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) ஒன்றுவிட்டு ஒன்று மாறிப் பின்னுவதால் இழை எளிதில் உருவி வராது. சாட்டினில் ஒரு நூல் நான்கைந்து நூல்களைத் தாண்டி மிதக்கும். பளபளப்பும் தொங்கும் அழகும் அதனால் வருபவை. துருவேறிய கிரில் கம்பியில் சிக்கி இழுபடுவதும் அதனால்தான். சோபாவுக்கு ட்வில் அல்லது கான்வாஸ், கழற்றித் துவைக்க ஜிப் வைத்த உறையாக. வெல்வெட் வேண்டாம், புழுதி அதன் மயிரிழைக்குள் உட்கார்ந்துவிடும்.

எம்.சி. ரோட்டிலோ கோடவுன் தெருவிலோ ‘ப்யூர் காட்டன்’ என்றால் சாம்பிள் வாங்கி வந்து பாவிலிருந்து ஒன்று, ஊடிலிருந்து ஒன்று என இரண்டு நூல்களை உருவிக் கொளுத்திப் பாருங்கள் (கடைக்குள் வேண்டாம்!). காட்டன் காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பாவு மட்டும் காட்டனாக இருக்கும் துணியும் உண்டு.

அளவு: 5 அடி ஜன்னலுக்கு ராடு 6 அடி. சுருக்கத்துக்கு இரு மடங்கு, 144 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் மூன்று பட்டைகள். 7 அடி உயரத்தோடு மடிப்புக்கு 1 அடி சேர்த்தால் பட்டைக்கு 8 அடி, மொத்தம் 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர்; ஏழரை மீட்டராக வாங்குங்கள். காட்டன் என்றால் 8 மீட்டர் வாங்கி, தைக்குமுன் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே தரையை விட்டு ஏறிவிடும். ரிங் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ போதும். இரும்பு ரிங் துருப்பிடித்துக் கறை ஏறினால் ப்ளீச் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகப் பதியும்.