ஐஎல்ட்ஸுக்கு வேர்ப் கிராமர்: கன நாள் பாவிச்ச ஒரு முறை

ஒரு கொப்பியும் போன் ரெக்கோடரும், ஒரு வருசத்துக்கு மேல இந்த ரெண்டையும் வச்சுத்தான் ஐஎல்ட்ஸ் எண்ட இங்கிலிஷ் எக்ஸாமுக்கு வேர்ப் (வினைச்சொல்) கிராமர் படிக்கிறன், திருகோணமலைப் பிள்ளைகள் கனபேர் கேக்கிறதால எழுதுறன். பன்னிரண்டு ரென்ஸையும் (காலங்களையும்) அட்டவணை போட்டுப் பாடமாக்கிறது பள்ளிக்கூடத்துக்குச் சரி, இந்த எக்ஸாமுக்குக் காணாது. எனக்குக் கைகொடுத்தது கேள்வி வகைப்படி கொப்பியைப் பிரிச்சதுதான்.

ரைட்டிங்லயும் ஸ்பீக்கிங்லயும் கிராமருக்கு எண்டே கால்வாசி மார்க்ஸ் இருக்கு, ஆனா எந்த வேர்ப் வேணுமெண்டு கேள்வியே காட்டித் தந்திடும். அகடமிக் ரைட்டிங்ல முதல் கேள்வி, அதாவது டாஸ்க் ஒண்டில, 1990 தொடக்கம் 2010 வரைக்கும் கிராஃப் வந்தா பாஸ்ட் சிம்பிள், ரோஸ், ஃபெல். அதே கிராஃப் 2040க்குப் போனா 'இஸ் எக்ஸ்பெக்டட் டு'. சீமெந்து செய்யிற மாதிரி ப்ராசஸ் படம் எண்டா ப்ரெசென்ட் பாசிவ், 'இஸ் ஹீட்டட்', 'இஸ் மிக்ஸ்ட்'. அப்ப இப்ப எண்டு ரெண்டு மேப் தந்தா 'ஹாவ் பீன் பில்ட்', இதுக்கு நான் உப்புவெளிக் கடற்கரையைத்தான் கீறி வச்சு எழுதிப் பழகினன், நல்லா மனசில நிண்டுது.

நம்மாக்களைக் கூட வருத்திறது ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட். தமிழ்ல 'நேத்து மழை பெய்ஞ்சிருக்கு' எண்டா ஒரு பிழையும் இல்ல, அந்தப் பழக்கத்தில 'இட் ஹாஸ் ரெயின்ட் யெஸ்டர்டே' எண்டு வாயில வந்திடும், ஆனா யெஸ்டர்டே, லாஸ்ட் இயர், 'இன் 2015' எண்டு முடிஞ்சுபோன நேரம் ஒண்டு பக்கத்தில வந்தா அங்க 'ஹாஸ்' நிக்காது, 'இட் ரெயின்ட்' தான். 'சின்ஸ் 2015, ப்ரைசஸ் ஹாவ் ரைசன்' எண்டா சரி, ஏனெண்டா அது இப்ப வரைக்கும் வருது. அதோட 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'டிடின்ட் வென்ட்' இந்த மூண்டு பிழையையும் கொப்பியின்ர முதல் பக்கத்திலயே சிவப்பால எழுதி வையுங்க.

சீசன்ல வெள்ளைக்காரரோட கதைச்சாலே போதும் எண்டு இங்க சொல்லுவாங்க. கூச்சம் போகும், அது உண்மை. ஆனா அவங்களுக்கு விளங்கினா காணும், நின்று திருத்திக்கொண்டிருக்க மாட்டாங்க, எக்ஸாமினர் வேர்ப்பையும் பாத்துத்தான் பேண்ட் எண்ட புள்ளியைப் போடுவார். அதுக்குத்தான் ரெக்கோடர். ஸ்பீக்கிங் பார்ட் டூ மாதிரி ஒரு நிமிசம் யோசிச்சு ரெண்டு நிமிசம் கதைச்சுப்போட்டு, திரும்பப் போட்டு வேர்ப்பை மட்டும் கேளுங்க, பாஸ்ட்ல தொடங்கின கதை எந்த இடத்தில ப்ரெசென்டுக்கு வழுக்குது எண்டு உடன பிடிபடும், எந்த வகுப்பிலயும் இவ்வளவு தெளிவா விளங்கேல்ல.

குறையும் இருக்கு. ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன் இதால திருந்தாது. கட்டுரையைப் பாத்துத் தர ஒரு ஆள் கட்டாயம் வேணும், திருத்துற ஆப் பிழையை மாத்திப்போட்டுப் போயிடும், ஏன் மாத்தினது எண்டு மனசில பதியாது. கட்டுரை எழுதுற டாஸ்க் ரெண்டுக்கு டாஸ்க் ஒண்டை விட ரெண்டு மடங்கு பெறுமதி, அதனால 'இஃப்', 'வுட்', 'மைட்' பக்கங்களுக்குக் கூட நேரம் குடுங்க.