பீட்டர் எஞ்சினுக்கு 80 மி.மீ. லைனர் பிஸ்டன் செட்: வாங்கலாம், கேஸ்கெட்டை மட்டும் மாற்றுங்கள்

கிணற்றடிகளில் ‘பீட்டர்’ என்றே பெயர் நிலைத்துவிட்ட 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1500 சுற்று ஆயில் எஞ்சினுக்கு (போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 80 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 110 மி.மீ.) ராஜ்கோட்டிலிருந்து வரும் பிராண்ட் இல்லாத செட் இது. 1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் கொட்டகையில் ஒதுங்கிய எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து லைனரோடு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்) ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றை வீட்டிலேயே பிரித்துக் கட்ட இந்தப் பெட்டி முக்கால்வாசி போதும். லைனர், பிஸ்டன், பின், லாக், பிஸ்டன் ரிங், ஸ்மால் எண்ட் புஷ் (கனெக்டிங் ராடின் மேல்முனையில் பின்னைத் தாங்கும் உறை), ரப்பர் ரிங் (லைனரின் அடியில் தண்ணீர் கசியாமல் தடுப்பது), ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) இருக்கின்றன. ராடின் கீழ்முனைக்கான பிக் எண்ட் பேரிங் தனியாக வாங்க வேண்டும்.

லைனர்தான் இதில் உள்ள நல்ல பொருள். வார்ப்பில் ஓட்டை இல்லை, ஹோனிங் கோடுகள் (எண்ணெய் தங்குவதற்காக உள்சுவரில் தேய்த்த குறுக்குக் கோடுகள்) சீராக இருக்கின்றன. ஆனால் அப்படியே மாட்டக் கூடாது. மண்ணெண்ணெய் மேலே பூசிய கிரீஸை மட்டுமே எடுக்கும். ஹோனிங் பொடி கோடுகளுக்குள் தங்கிவிடும், புது ரிங்கை அதுவே தின்றுவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாத வரை கழுவி, உடனே எஞ்சின் ஆயில் தடவுங்கள்.

ரப்பர் ரிங் சற்றுத் தடிமன். சோப்புக் கரைசல் தடவினால் லைனர் இறங்கும். ஆனால் ரிங் நெருக்கும் இடத்தில் போர் நசுங்கி ஓவலாகலாம். இறக்கும் முன்னும் பின்னும் அடிப்பகுதியில் இரு திசையிலும் அளந்து பாருங்கள். 0.02 மி.மீ. குறைந்திருந்தாலும் வெளியே எடுத்து மெல்லிய ரப்பர் ரிங் போடுவதே சரி. பிஸ்டனை ஏற்றும் முன் தண்ணீர் அறையை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். கீழே ஒரு சொட்டு கசிந்தாலும் பின்னால் தண்ணீர் கலந்து ஆயில் மோர் போலாகிவிடும்.

பிஸ்டன் ரிங்குகளை ஒவ்வொன்றாக லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாய் இடைவெளி, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி, பாருங்கள். 0.30 முதல் 0.40 மி.மீ. வேண்டும். இந்த செட்டில் இறுக்கமாகவே வருகிறது. மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் அராவலாம். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் உடைந்து லைனரைக் கீறிவிடும்.

ஸ்மால் எண்ட் புஷ்ஷை எண்ணெய்த் துளை நேர்படும்படி அழுத்தி, லேத் பட்டறையில் ரீமர் போட்டுத் துளையைப் பின்னின் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய பின் கட்டை விரலால் தள்ளினால் நகர வேண்டும். பிஸ்டனைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால் பின் சுத்தியல் இல்லாமலே ஏறும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு என் மதிப்பெண் பூஜ்யம். தடிமன் கூடுதல், இடத்துக்கு இடம் மாறவும் செய்கிறது. இந்த எஞ்சினின் கொள்ளளவு 553 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 16.5 ஆக, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 36 சி.சி.தான். கேஸ்கெட் அரை மி.மீ. தடித்தால் அதில் 2.5 சி.சி. கூடும், கம்ப்ரஷன் 15.5-க்கு இறங்கும். காலைக் குளிரில் ஹேண்டில் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோகும், வெள்ளைப் புகைதான் வரும். நல்ல கேஸ்கெட் வாங்கியபின், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய, பிஸ்டன் தலையில், குழிக்கும் வால்வுக்கும் விலகி இரு பக்கமும் ஈயக் கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய தடிமனைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு, சிலிண்டர் அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய இடைத் தகடு) கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

முதல் அரை மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டி, ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகே டேப்பெட் (வால்வை அசைக்கும் பாகத்தின் இடைவெளி) வையுங்கள். நட்டு இறுகினால் டேப்பெட் இடைவெளி மாறும். அடுத்த பத்து மணி நேரம் அரைச் சுமை. சென்ட்ரிபியூகல் பம்பானால் டெலிவரி வால்வைப் பாதி மூடினாலே சுமை குறையும். 25 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். புது எஞ்சின் என்று பயந்து நாள் முழுக்கச் சுமையில்லாமல் ஓட்டினால் லைனர் கண்ணாடி போல் மினுங்கிவிடும், ரிங் படியாது. பிறகு நீலப் புகை நிற்க மீண்டும் பிரித்து ஹோனிங்தான் போட வேண்டும்.